கொடைமேசைக்கு வந்த சாமான்கள்

அன்று வட்டத்தில் இருந்தவர்கள்: பயிற்சியை நடத்திய மூத்த பயிற்றுநர், பெர்லினிலிருந்து வந்திருந்த இரண்டு பள்ளி ஆசிரியைகள், பிராகிலிருந்து சைக்கிளிலேயே வந்து சேர்ந்த ஒருவர், ஒரு பால்பண்ணைக்காரரின் மகள், முகம் மட்டும் நினைவிருக்கிற மூன்று நான்கு பேர், மியூனிக்கில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி, நான். இல்லாதவர்கள் யார் என்பதையும் ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். அந்த அமைப்பில் எந்தக் கூட்டமும் அப்படித்தான் தொடங்கும்.

தேனீக்கள் இல்லை என்றார் ஒரு ஆசிரியை. இன்னும் பிறக்காத குழந்தைகள் இல்லை என்றார் சைக்கிளில் வந்தவர். ஏழை நாட்டு மக்கள் இல்லை என்று பால்பண்ணைக்காரரின் மகள் சொன்னபோது சிலர் என் பக்கம் திரும்பினார்கள். நான் அங்கேதான் இருந்தேன். பார்த்தவர்கள் பார்வையை விறகடுப்புப் பக்கம் நகர்த்திக்கொண்டார்கள்.

என் முறை வந்தபோது என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. எனக்கு அடுத்து இருந்த யாழ்ப்பாணத்துப் பெண் சொன்னது நினைவிருக்கிறது. "என் அப்பா இல்லை. இன்றைக்கு அவருக்கு வேலை" என்றாள் ஜெர்மனில். எல்லோரும் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி விரல்களை ஆட்டினார்கள். கைதட்டினால் பேச்சு தடைப்படும் என்று அங்கே சத்தமில்லாத பாராட்டுதான்.

அந்த அமைப்பு ஐரோப்பாவின் பல நாடுகளில் பள்ளிகளிலும் சங்கங்களிலும் வகுப்பு எடுக்கிறது. பொருளாதாரம் ஆண்டுதோறும் வளர்ந்துகொண்டே போக முடியாது, பணக்கார நாடுகள் தங்கள் உற்பத்தியையும் நுகர்வையும் குறைத்துக்கொண்டு நன்றாக வாழப் பழக வேண்டும் என்பது அதன் பாடம். நான் மியூனிக்கை ஒட்டிய கார்ஹிங்கில் சுற்றுச்சூழல் பொறியியல் முதுகலை முடித்திருந்தேன். வேலை தேடுவதற்காகக் கொடுத்த குடியிருப்பு அனுமதி அந்தக் குளிர்காலத்தோடு முடிகிறது. போட்ட விண்ணப்பங்களை எண்ணுவதை எப்போதோ விட்டிருந்தேன். பயிற்சி முடித்துப் பயிற்றுநராகிறவர்களில் ஒருவருக்குத் தெற்கு ஜெர்மனியில் பாதிநேர வேலை உண்டு என்று அமைப்பு சொல்லியிருந்தது. அந்த வேலை கிடைத்தால் அனுமதி நீளும். கிடைக்காவிட்டால் அரியலூர்.

இதையெல்லாம் வேலைக்காக மட்டும் செய்தேன் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பாடத்தை நம்பித்தான் போனேன். இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்த ஆண்டு எதுவும் எனக்குள் இறங்கவில்லை. பல்லுக்கு மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல என்னையே அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

என் அப்பா சிமெண்ட் குடோனில் லோடுமேன். அம்மா ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறார். இருவரும் பள்ளிக்கூடம் போனதில்லை. இருவர் குடும்பத்திலும் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பயிற்சியின் இரண்டாம் நாளில், குறைவாக வாழ்வது உன் வீட்டில் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை, மிச்சம் வைக்காமல் சமைப்போம் என்று சொன்னேன். விரல்கள் ஆடின. அடுத்த முறை வேறு குழு வந்தபோது, அந்த ஃபிரிட்ஜ் கதையைச் சொல் என்றார்கள். சொன்னேன். பிறகு அது வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரி ஆகிவிட்டது. சம்பளம் வந்தால் அம்மாவுக்கு முதலில் ஃபிரிட்ஜ்தான் வாங்க வேண்டும் என்று நினைத்து வைத்திருந்ததை எந்தக் குழுவும் கேட்கவில்லை.

அப்பாவிடம் போனில் விளக்கிப் பார்த்தேன்.

"என்னடா வேல அது?"

"தேவைக்கு மேல இல்லாம நல்லா வாழலாம்னு சொல்லிக் குடுக்கறதுப்பா."

"யாருக்கு?"

"இங்க இருக்கறவங்களுக்குத்தான்."

"அவங்க கேக்கறாங்களா?"

"சில பேர் கேக்கறாங்க."

"சரி, சம்பளம் உண்டா? இல்ல, அதும் தேவைக்கு மேலன்னுடுவாங்களா?"

பின்னால் அம்மா சிரிப்பது கேட்டது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

பயிற்றுநராவதற்குக் கடைசிப் படி ஒரு சோதனைப் பட்டறை. எப்போதும் இருவர் சேர்ந்துதான் நடத்த வேண்டும். மூத்த பயிற்றுநர் ஒரு மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். அவர் ஐம்பது வயதைத் தாண்டிய, நிதானமாகப் பேசுகிற பெண்மணி. என்னையும் யாழ்ப்பாணத்துப் பெண்ணையும் ஜோடி சேர்த்தவர் அவர்தான். "உன் அப்பா இந்த அறையில் இல்லை என்றாயே, அவர் இருக்கிற அறைக்கே போங்கள்" என்றார்.

அப்படித்தான் மியூனிக்கில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பெற்றோருக்கு எங்கள் பட்டறை என்று முடிவானது. பள்ளி ஒரு தேவாலயத்தின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடக்கிறது. என் ஜோடி அங்கேதான் அகரம் படித்தவள். இப்போது ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் நல்ல வேலையில் இருந்தாள். அவளுடைய அப்பா மருத்துவமனைச் சமையலறையில் வேலை. பள்ளியின் வாட்ஸ்அப் குழுவை நடத்துபவரும் அவரே.

அறிவிப்பை நான் எழுதினேன். அவள் திருத்தினாள்.

"வளர்ச்சிக் குறைப்பு எண்டு போடாதேங்கோ. தங்கட பிள்ளையளுக்கு வளர்த்தி காணாது எண்டு டொக்டரிட்ட டெர்மின் எடுத்துப்போடுவினம்" என்றாள், டாக்டரிடம் முன்பதிவு செய்வதைச் சொல்லி.

"அப்ப என்ன போடலாம்?"

"எவ்வளவு இருந்தாக் காணும் எண்டு போடுங்கோ. அது விளங்கும்." காணும் என்றால் அவர்கள் பேச்சில் போதும்.

அமைப்பின் எல்லாப் பட்டறைகளும் கொடைமேசையோடுதான் முடியும். வந்தவர்கள் வீட்டில் தேவைப்படாத ஒரு பொருளைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். வேண்டியவர் எடுத்துக்கொள்வார். காசு இல்லை, கேள்வி இல்லை. பெர்லின் ஆசிரியை ஒருத்தி அப்படி எடுத்த பித்தளை மணியைத்தான் வகுப்பில் அடிக்கிறாள். ஆகவே அறிவிப்பின் கடைசி வரியில், "வீட்டில் பாவிக்காமல் இருக்கும் நல்ல பொருட்களைக் கொண்டு வாருங்கள்" என்று போட்டோம். பாவிக்காமல் என்ற சொல் அவளுடையது. குழுவில் அது போனதும் தமிழ்ப் பள்ளித் தலைமை அக்கா குரல்பதிவு ஒன்று போட்டார். "நல்ல சாமான் மட்டும் கொண்டு வாங்கோ. கிழிஞ்சது, பூட்டு உடைஞ்சது ஒண்டும் வேண்டாம். எங்களுக்கு மரியாதை இருக்கு." நானும் அவளும் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டோம். ஆர்வம் இருக்கிறது என்று மூத்த பயிற்றுநருக்கும் எழுதினேன்.

பட்டறை நாளன்று மதியம் மண்டபத்துக்குப் போனபோது வாசலில் கார்கள் இரட்டை வரிசையில் நின்றன. பின்கதவுகள் திறந்திருந்தன. சூட்கேசுகள், வாழைப்பழப் பெட்டிகள், மூட்டைகள், ஒரு தையல் மெஷின், சின்ன சைக்கிள்கள், பள்ளிப் பைகள், கயிறு போட்டுக் கட்டிய தும்புமெத்தை. காகித விரிப்பு போட்டு நாங்கள் வைத்திருந்த கொடைமேசை எந்த இடத்தில் இருந்தது என்றே தெரியாமல் போய்விட்டது. தலைமை அக்கா கையில் மார்க்கர் பேனாவோடு நடுவில் நின்றார்.

"உடுப்பு இந்தப் பக்கம். மெஷின் சாமான் அந்தப் பக்கம். சொக்லேட் கொண்டு வந்த ஆக்கள் தனியத் தாங்கோ. உடுப்போட வைச்சா, சாப்பிடேக்குள்ள சோப்பு மணக்கும்."

சாக்லேட் பெட்டிகள் புதிதாகக் கடையிலிருந்து வந்தவை. சோப்பும், ஷாம்பூவும், பற்பசையும்கூட. பட்டறை நுகர்வைக் குறைப்பது பற்றியது. மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மூத்த பயிற்றுநர் என்னைப் பார்த்துப் புன்னகைத்து, இரண்டு கைகளையும் தூக்கி விரல்களை ஆட்டினார். இவ்வளவு பேர் வந்த சோதனைப் பட்டறையை அவர் பார்த்ததில்லையாம்.

வயதான ஒருவர் மடக்கிய சக்கர நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தார். அவர் மனைவி பயன்படுத்தியது, துடைத்துப் பளபளவென்று இருந்தது.

"தம்பி, மனிசியின்ர. ஊரில ஆருக்கும் உதவும். பெட்டி எப்ப கப்பல் ஏறுது?"

"கப்பலா அங்கிள்?"

"ஓம். கார்த்திகைக்கு முதல் போய்ச் சேருமோ? மழை துவங்கினா லொறி போகேலாது."

நான் சக்கர நாற்காலியின் பிரேக் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன் கைப்பிடியில் புது ரப்பர் போட்டிருந்தார். பிறகு என் ஜோடியைத் தேடிப் போனேன். அவள் தேநீர்க் கலனுக்குப் பக்கத்தில் தன் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். விஷயம் அவளுக்கும் எட்டியிருந்தது.

"அப்பா, ஊருக்கு அனுப்புறது எண்டு ஆர் சொன்னது?"

"ஆரும் சொல்லேல்லை. சொல்ல வேணுமே? சண்டை நேரம் கேட்டினம், சுனாமிக்குக் கேட்டினம், வெள்ளத்துக்குக் கேட்டினம். சாமான் கேட்டா ஊருக்குத்தானே. இல்லாட்டி என்னத்துக்குக் கேட்டனீங்கள்?"

"இஞ்சை மேசையில வைக்க. வேணுமெண்டவை எடுப்பினம்."

"ஆர் எடுக்கிறது?"

"இஞ்சை இருக்கிற ஆக்கள்தான்."

அவர் மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "உனக்கு விசரே பிள்ளை? அவ கட்டின சீலையை இவ எல்லாரும் பாக்க எடுத்துக்கொண்டு போவாவே? பேந்து அடுத்த கலியாண வீட்டில ரெண்டு பேரும் எப்பிடி முகம் பாக்கிறது?"

அவர் என் கையில் ஒரு தேநீர்க் கோப்பையைத் திணித்தார். "குடியுங்கோ தம்பி. வெளிறிப் போனியள்."

மூத்த பயிற்றுநரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். அமைப்பு பழைய பொருட்களைத் தெற்கு நாடுகளுக்கு அனுப்பாது என்றார். இங்கே மிஞ்சியதை அங்கே கொண்டுபோய்க் கொட்டுவதை எதிர்த்துத்தான் இத்தனை வருடமாக வேலை செய்கிறோம், அதை எங்கள் பயிற்றுநரே செய்ய முடியாது, அது உனக்கும் தெரியும் என்றார். தெரியும். அந்தப் பாடத்தில் நான் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். "ஆனால் இது நல்ல வாய்ப்பு. இதையே பேசுபொருளாக்கு. ஏன் அனுப்ப நினைக்கிறார்கள் என்று அவர்களே பேசட்டும்" என்றார். குரலில் கோபமே இல்லை.

நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். நான் எழுந்து நின்று கொடைமேசை என்றால் என்ன என்று சொன்னேன்.

தலைமை அக்காதான் முதலில் கேட்டார். "அப்ப கப்பல் இல்லையோ?"

"இப்ப வரைக்கும் இல்லைங்க அக்கா."

"பின்னை இந்தியாக்காரத் தம்பி எங்களிட்ட ஏன் சாமான் கேட்டவர்?"

"உவருக்கு வீட்டில தளபாடம் இல்லையாக்கும்" என்றார் பின்னாலிருந்து ஒருவர். மண்டபம் சிரித்தது.

"ஊருக்கு அனுப்பறது நல்லதா, கெட்டதான்னு இன்னைக்கு நாம பேசலாங்க" என்றேன்.

"கதைக்கலாம் தம்பி, வடிவாக் கதைக்கலாம். நாளைக்குக் காலமை இஞ்சை என்ர மருமகளின்ர சாமத்திய வீடு. மணவறை கட்ட ஆக்கள் பின்னேரம் வருவினம். அதுக்கு முதல் கதைச்சு முடியுமோ?" என்றார் தலைமை அக்கா. எங்கள் ஊரில் மஞ்சள் நீராட்டு என்பதை அவர்கள் சாமத்திய வீடு என்பார்கள்.

மறுபடியும் சிரிப்பு. சக்கர நாற்காலிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் நாற்காலியை விரித்து அதிலேயே உட்கார்ந்திருந்தார், வேறு இருக்கை கிடைக்காததால். தனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்றும், கப்பல் பற்றி என்ன முடிவு என்றும் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார்.

அப்போதுதான் என் ஜோடி எழுந்தாள். அமைப்பில் வாக்கெடுப்பு கிடையாது. ஒரு யோசனையைச் சொல்லி, அதற்குக் கடுமையான மறுப்பு யாருக்காவது உண்டா என்று கேட்பார்கள். மறுப்பு இருந்தால் கையை மூடி முட்டியைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் உள்ளங்கையை விரித்துக் காட்ட வேண்டும். ஒரே ஒரு முட்டி இருந்தாலும் யோசனை நின்றுவிடும். அவள் அந்த முறையை அவர்களுக்குத் தமிழில் விளக்கினாள். பிறகு சொன்னாள்:

"எல்லாத்தையும் ஊருக்கு அனுப்புவம். ஆருக்கும் மறுப்பு இருக்கோ?"

கைகள் விரிந்தன. சக்கர நாற்காலிக்காரர் இரண்டு கைகளையும் விரித்தார். தலைமை அக்கா மார்க்கரை வாயில் கவ்விக்கொண்டு கையை விரித்தார். மூத்த பயிற்றுநர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதிநேர வேலை, அனுமதி, குடியேற்ற அலுவலகத்தில் கைரேகை வைக்கும் அந்தச் சின்னக் கண்ணாடி, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எதுவும் வலிக்கவில்லை. கீழே குனிந்து பார்த்தபோது என் கை விரிந்திருந்தது.

மூலையிலிருந்து ஒரு முட்டி உயர்ந்தது. மூத்த பயிற்றுநருடையது.

என் ஜோடி ஜெர்மனுக்கு மாறினாள். "நீங்கள் வட்டத்தில் இல்லை. பார்வையாளராக வந்திருக்கிறீர்கள்."

அவர் "சரிதான்" என்று முட்டியை இறக்கிவிட்டு எழுதத் தொடங்கினார்.

அன்று மாலை மணவறை கட்டுகிறவர்கள் வருவதற்குள் எல்லாவற்றையும் அவளுடைய அப்பாவின் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளக் கராஜுக்கு மாற்றினோம். அவருடைய கார் அதன்பிறகு வாரக்கணக்கில் தெருவில் நின்றது.

பயிற்றுநர்களின் இணையக் கூட்டம் சில நாட்கள் கழித்து நடந்தது. எங்களைப் பயிற்றுநர்களாக ஏற்பதா என்பதுதான் கேள்வி. கட்டம் கட்டமாகத் தெரிந்த முகங்களில், என்னை ஃபிரிட்ஜ் கதை சொல்லச் சொன்னவர்களும் இருந்தார்கள். மூத்த பயிற்றுநர் நடந்ததை நடந்தபடியே சொன்னார். கூட்டத்தை நடத்திய விதம் நன்றாக இருந்தது, முடிவுதான் தவறு என்றார். இரண்டு முட்டிகள் உயர்ந்தன. ஒரு மணி நேரம் பேசியபிறகு, முட்டிகளை இறக்க வைக்கும்படி ஒரு நிபந்தனையை எழுதினார்கள். அந்தப் பொருட்களுக்கும் அமைப்புக்கும் தொடர்பில்லை. பெட்டிகளில் அமைப்பின் பெயர் இருக்கக்கூடாது, அமைப்பின் பணமும் போகக்கூடாது. இதற்குச் சம்மதம் என்றால் இருவரையும் ஏற்கலாம்.

நான் சம்மதம் என்றேன். என் ஜோடி தனக்கு அந்தச் சான்று வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கூட்டத்திலிருந்து வெளியேறினாள். அவளுடைய கட்டம் மறைந்து மற்றக் கட்டங்கள் கொஞ்சம் பெரிதாயின.

பாதிநேர வேலை எனக்கு என்று அன்றிரவே கடிதம் வந்தது. அடுத்த நாள் கராஜில் பெட்டி கட்டும்போது சொன்னேன். "என்னால நீங்க விட வேண்டியதில்லைங்க."

"உங்களால இல்லை. எனக்கு வேலை இருக்கு, பாஸ்போர்ட் இருக்கு. உங்களுக்கு விசா வேணும். எடுங்கோ. அந்த டேப்பை இஞ்சாலை தாங்கோ."

"வேற ஏதாச்சும் சொல்லணும்னா சொல்லுங்க."

"சொல்ல ஒண்டும் இல்லை. நீங்கள் கையை விரிச்சனீங்கள். நான் பாத்தனான்."

அவளுடைய அப்பா படியில் இறங்கி வந்தார். கையில் பொட்டலத்தில் வடை.

"தம்பி, வேலை கிடைச்சுதாம். பிள்ளை சொன்னவ."

"கிடைச்சுது அங்கிள்."

"பின்னை முகத்தை ஏன் உப்பிடி வச்சிருக்கிறியள்? சிரிச்சா அதுக்கும் அன்ட்ராக் போட வேணுமே?" என்றார், விண்ணப்பத்தை ஜெர்மனில் சொல்லி.

சிரித்தேன். அவர் திருப்திப்படவில்லை என்பது தெரிந்தது. வடையைத் தந்துவிட்டு, சக்கர நாற்காலியை எந்தப் பக்கம் வைத்தால் மேலே பாரம் ஏறாது என்று பார்க்கத் தொடங்கினார்.

சரக்குக்காரர் வந்து நாடாவால் நீள அகலம் அளந்தார். எடைக்கு இல்லை, இடத்துக்குத்தான் காசு என்றார். மண்டபத்தில் எல்லோரும், ஜெர்மன் அமைப்பு தன் செலவில் அனுப்புகிறது என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போயிருந்தார்கள். குழுவில் ஒரு செய்தி போட்டால் காசு சேர்ந்துவிடும் என்று அவளுடைய அப்பா இரண்டு முறை சொன்னார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "சாமான் கேட்டம், தந்தினம். இனிக் காசும் கேக்கேலாது" என்றாள். அனுப்புநர் இடத்தில் அவளுடைய அப்பாவின் பெயரை எழுதினார்கள். லாரி சரிவில் ஏறிப் போனபோது நாங்கள் மூவரும் கராஜ் வாசலில் நின்றோம். காலியான கராஜில் சோப்பு வாசனை இருந்தது.

பெட்டிகள் மழைக்கு முன்பே கிளிநொச்சி போய்ச் சேர்ந்தன. சக்கர நாற்காலியில் யாரோ ஒரு அம்மா உட்கார்ந்திருக்கும் படம் குழுவில் வந்தது. என் குடியிருப்பு அனுமதி நீண்டது. மியூனிக்கிலிருந்து கொழும்புக்குக் கப்பல் கூலி, துறைமுகத்தில் எடுப்புச் செலவு, கிளிநொச்சிக்கு லாரி வாடகை என்று மூன்று பில்கள் வந்தன. அவளும் நானும் சரிபாதியாகக் கட்டினோம். என் பாதி என்னுடைய முதல் இரண்டு மாதச் சம்பளத்திலிருந்து போனது. எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு யூரோ.